மேலே இருந்த அட்டை

1

நாங்கள் லண்டனுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்ததற்கு யோகம் கேசரி கிண்டினாள். வருடா வருடம் கிண்டுவாள். யோகம் என் மனைவி. நாள், நட்சத்திரம், ஆண்டு நிறைவு ஒன்றையும் தவற விடமாட்டாள். ஜேர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு, மகள் ஆரணி இங்கிலீசில் படிக்கட்டும் என்று இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு இங்கே வந்து இறங்கினோம். இப்போது ஹரோவில், பக்கத்து வீட்டோடு முதுகு ஒட்டிய வீடொன்றில் இருக்கிறோம். நான் ஒரு பெற்றோல் செற்றில் மனேஜர். ஆரணிக்குப் பதினேழு வயது. சாதாரணமாக இங்கிலீஷ், கோபம் வந்தால் ஜேர்மன், பசித்தால் தமிழ். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டாள். நான் கொஞ்ச நாள் சத்தம் போட்டேன், பிறகு பசிக்கிற தமிழாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடக் கேசரி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காரணம் ஒரு அட்டை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூலை தேய்ந்த, பழைய அட்டை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இதற்கெல்லாம் ஒரு மனிதன் சாப்பிடாமல் இருப்பானா என்று கேட்பீர்கள். முழுக்க வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

2

ஜேர்மனியில் நான் வேலை செய்தது அமெரிக்கப் பட்டாளத்தின் முகாம் ஒன்றில், சமையலறையில். அங்கே இருந்த பருத்த சார்ஜன்ற் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய பேஸ்போல் அட்டைகளை என் கையில் தந்துவிட்டுப் போனார். ஏன் எனக்குத் தந்தார் என்று இன்று வரை தெரியாது. அவருடைய முட்டைப் பொரியலை நான் ஒருநாளும் கருக விட்டதில்லை, அதற்காக இருக்கலாம்.

பேஸ்போல் என்பது நம்முடைய கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பபிள்கம் வாங்கினால் பக்கற்றுக்குள் விளையாட்டுக்காரர் ஒருவரின் படம் போட்ட அட்டை இருக்கும். சிறுவர்கள் சேர்ப்பார்கள். அந்தச் சிறுவர்கள் வழுக்கை விழுந்த பிறகும் சேர்க்கிறார்கள். அந்த விளையாட்டுக்காரரே பேனாவால் கையெழுத்துப் போட்ட அட்டை என்றால் அதற்குத் தனி மரியாதை.

எனக்கு இந்த விளையாட்டில் எந்த இடத்தில் கைதட்டுவது என்றுகூட இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அட்டையைப் பார்க்கத் தெரியும். அதை நான் படித்தது யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில். நாட்டை விட்டு வெளிக்கிடும் வரை நான்கு வருடம் அங்கே சேலை விரித்துக் காட்டுவதுதான் என் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்ணின் கண் எந்தச் சேலையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வாய் விலையைக் கேட்கும், கை வேறொன்றைத் தடவும், ஆனால் கண் பொய் சொல்லாது. அவள் ஒதுக்கி வைத்த சேலைகளை மடித்து அடுக்கும்போது, கண் விழுந்த சேலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுவோம். கடைசியில் அதுதான் போகும். அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

லண்டனுக்கு வந்த முதல் வருடம், டூட்டிங்கில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேஸ்போல் அட்டைக்காரர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் இங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கர்கள், மீதிப் பேர் இங்கிலீசுகாரர்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு யாழ்ப்பாணத்தான். முதல் நாள் தேநீர் மேசையில், எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, கிடைப்பதற்கு ஜேர்மனில் உள்ள 'பெகொம்மன்' என்ற சொல்லை இங்கிலீஷ் 'பிகம்' ஆக்கி, நான் ஒரு தேநீராக ஆகலாமா என்று கேட்டுவிட்டேன். செயலாளராக இருந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பால் விடவா என்றார். அன்றே அந்தக் கூட்டம் எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடக்கும். அதில் ஒரு பிரிவு, அடிபட்டுத் தேய்ந்த, கையெழுத்துள்ள அட்டைகளுக்கு. இந்தப் பிரிவுக்கு நடுவராக இருக்க ஒருவரும் முன்வர மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அணி. எவன் எதைத் தெரிவு செய்தாலும் மற்றவன் சந்தேகப்படுவான். எனக்கு அணியும் இல்லை, ஆட்டமும் தெரியாது. மூன்று வருடமாக நான்தான் நடுவர். என் வாழ்க்கையில் அறியாமைக்காகக் கிடைத்த ஒரே பதவி அது.

3

அடிபட்ட அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தேறாது. மூலை மழுங்கியிருக்கும், மடிப்பு விழுந்திருக்கும், பின்பக்கம் பசை ஒட்டியிருக்கும். அப்படிக் குற்றத்தை எண்ணிப் புள்ளி போடுகிறவர்கள் வேறு ஆட்கள். எங்கள் பிரிவில் ஒரே கேள்விதான்: பார்க்க எப்படி இருக்கிறது?

நான் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பேன். உறை மினுங்கிக் கண்ணைக் கெடுக்கும். வடக்கு யன்னலடியில் அட்டையை வைத்துவிட்டு ஐந்து அடி தள்ளி நிற்பேன். புடவைக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தூரம் அது. கண் முதலில் எங்கே போகிறது? முகத்துக்கும் கையெழுத்துக்கும் போனால் நல்ல அட்டை. கறைக்கோ கிழிசலுக்கோ போனால் பிறகு என்ன சமாதானம் சொல்லியும் பயனில்லை. அதற்குப் பிறகுதான் கிட்டப் போவேன். மடிப்பு முகத்தின் குறுக்கே ஓடுகிறதா, ஓரமாக ஒதுங்கி நிற்கிறதா? மை வெளிர் நிறத்தில் விழுந்து துலங்குகிறதா, கறுத்தச் சட்டைக்கு மேல் விழுந்து தொலைந்துவிட்டதா? நாலு மூலையும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறதா? வெளுத்த வேட்டி என்றாலும் கரை துலக்கமாக இருந்தால் சபைக்கு உடுத்திக்கொண்டு போகலாம். அவ்வளவுதான் விசயம்.

மண்டபத்து விளக்கு மஞ்சளாக எரிவதால் நடுவர் அட்டைகளை ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். முடிவைப் பற்றிக் கண்காட்சி நாள் வரை மூச்சு விடக்கூடாது.

இந்த வருடம் ஏழு அட்டைகள். அதில் ஒன்று ஹார்வியுடையது. ஹார்வி எழுபதை நெருங்குகிற அமெரிக்கர். வேலைக்காக வந்து, இங்கிலீசுகாரியைக் கட்டி, குரோய்டனில் நாற்பது வருடம் இருந்துவிட்டார். மனைவி போய் மூன்று வருடம். வருகிற வசந்த காலத்தோடு வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் இருக்கிற மகளிடம் போகிறார். ஆகவே இதுதான் அவருக்குக் கடைசிக் கண்காட்சி. முந்திய இரண்டு வருடமும் அவருக்கு இரண்டாம் இடம்தான் கொடுத்தேன். அந்த இரண்டு முறையும் அவர் கொண்டுவந்தது வேறு அட்டைகள். இந்த முறை, இதுவரை வெளியே எடுக்காத ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

ஒன்பது வயதில் தகப்பனோடு ஆட்டம் பார்க்கப் போய், மைதானத்து வாசலில் காத்து நின்று வாங்கிய கையெழுத்து. தகப்பனின் சட்டைப் பையில் இருந்த பேனாவால் போட்டது. பிறகு அந்த அட்டையைக் காற்சட்டைப் பின்பையில் வைத்துக்கொண்டே ஒரு கோடை முழுவதும் திரிந்திருக்கிறார். நாலு மூலையும் நாணயம் மாதிரி உருண்டு போயிருந்தன. இடது ஓரத்தில் ஒரு மடிப்பு, முகத்தைத் தொடாமல். பின்னணி வெளிர் நீலம். அந்த நீலத்தில் கருநீல மையில் கையெழுத்து நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. ஐந்து அடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தகப்பனோடு போன கடைசி ஆட்டம் அது என்று அவர் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். கண் போன இடத்தைத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை முடிவு எடுத்துவிட்டேன். ஏழையும் வரிசைப்படி, இடையில் மெல்லிய தாள் வைத்து, வெள்ளைத் துணி விரித்த தட்டில் அடுக்கி, மேல்மாடிச் சின்ன அறையில் வைத்தேன். முதலாவது மேலே. உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று போடவில்லை. அது என் பிழை.

4

யோகத்துக்குத் தாள் என்றால் மஞ்சள். நன்மை தருகிற எந்தத் தாளும் மஞ்சள் தடவாமல் எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. ஜேர்மனியில் வதிவிட விண்ணப்பத்தின் மூலையில் தடவி அனுப்பினாள். அங்கே இருந்த அதிகாரி ஒரு துடைப்புத் தாளை எடுத்துத் துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. இங்கே அவளுடைய தம்பியின் அகதி விண்ணப்பத்துக்கும் தடவினாள். குரோய்டன் அலுவலகத்தில் இது என்ன கறை என்று கேட்டபோது அவன் பயத்தில், மத்தியானம் சாப்பிட்ட கறி என்று சொல்லிவிட்டான். அந்தக் கறியையும் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக மொழிபெயர்த்தார். எப்படியோ விசா கிடைத்தது. சட்டத்தரணி தன் வாதத்தால் என்று நினைக்கிறார். யோகத்துக்கு உண்மை தெரியும்.

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. நான் விடிய ஷிப்டுக்குப் போய்விட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு வந்தால் வீடெல்லாம் கற்பூர வாசம். சாமியறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஆரணியின் புத்தகங்கள், மடிக்கணினி, அவளுடைய வயலின். அவற்றுக்கு நடுவில் என் தட்டு.

ஹார்வியின் அட்டையில் வலது பக்கக் கீழ் மூலையில், மோதிரவிரல் நுனி அளவில், மஞ்சள்.

நான் கத்தவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

"இதில என்ன பூசினனீர்?" என்றேன்.

"மஞ்சள்தானே. உங்களுக்கும் அது படிப்பு மாதிரித்தானே, அதுதான் கொண்டுவந்து வைச்சனான்."

"ஏன் இதில மட்டும்?"

"மேல இருந்தது அதுதான். மேல இருக்கிறதுக்கு வைச்சா எல்லாத்துக்கும் வைச்ச மாதிரி. ஏனப்பா, முகம் ஏன் இப்பிடிப் போகுது?"

சொன்னேன். அட்டை யாருடையது, எத்தனை வருடம் வைத்திருந்தார், நான் அதற்குக் கையொப்பம் வைத்தது எல்லாம். யோகம் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அவள் அழுதால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அழவில்லை, தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரணி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, மஞ்சள் வெயிலில் தானாகப் போய்விடுமாம், இரண்டு நாள் யன்னலில் வைத்தால் போதுமாம் என்று இங்கிலீசில் சொன்னாள். அது எனக்கும் தெரியும். எந்தத் தமிழ் வீட்டில் மஞ்சள் பட்ட சீலையை வெயிலில் போடாமல் விட்டிருக்கிறார்கள்? ஆனால் மஞ்சளை எடுக்கிற வெயில் பேனா மையை விட்டுவைக்காது. கறை போகும், கையெழுத்தும் வெளிறும். சவர்க்காரம் போட்டால் மஞ்சள் சிவப்பாகும். பேக்கரிப் பாண் துண்டால் தேய்த்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அட்டையில் கை வைத்துத் திருத்துவது எங்கள் கூட்டத்தில் களவுக்குச் சமம். ஆரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அப்ப அவரிட்டயே போய்ச் சொல்லுங்கோ அப்பா. வேற என்ன செய்யிறது?"

பசிக்காமலேயே தமிழ் பேசினாள் என்பதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

5

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில்தான் அந்தக் கேசரி. ஐந்து வருட நிறைவு நாள் அதுதான், யோகம் கிண்டாமல் விடவில்லை. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, அப்படியே வைத்துவிட்டோம். ஹார்விக்குத் தொலைபேசியில், வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். யோகமும் வருவேன் என்று நின்றாள். செய்தது நான், நான்தான் சொல்ல வேண்டும் என்றாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று மிச்சக் கேசரியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

குரோய்டனில் ரயில் இறங்கி ட்ராம் எடுத்தோம். விசா அலுவலகம் இருக்கிற அந்தப் பெரிய கட்டடம் கண்ணில் பட்டதும் யோகம் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். தம்பியோடு எத்தனை விடியற்காலை அங்கே வரிசையில் நின்றிருப்பாள். இன்றைக்கும் மஞ்சள் தடவிய தாளோடுதான் குரோய்டனுக்கு வந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஆனால் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஹார்வி கதவைத் திறந்து, யோகத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டு, உள்ளே இருத்தினார். வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே பெட்டிகளில் ஏறியிருந்தது. நான் அட்டையை மேசையில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் அட்டையை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனார். கிட்டப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. சமையலறைக்குள் போனார். கேத்தில் கொதித்து நின்ற பிறகும் அவர் வெளியே வரவில்லை. யோகம் கேசரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிராமல் இருந்தாள். அந்த ஐந்து நிமிடம், வெளிநாட்டில் நான் கழித்த இருபத்தொரு வருடத்தில் மிக நீளமானது.

தேநீரோடு வந்து உட்கார்ந்தார். கோபம் இருப்பதை மறைக்கவில்லை. நல்ல மனிதர்கள் கோபத்தை மறைக்காமல் இருப்பது எவ்வளவோ மேல். நான் நடுவர் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். ஏழு அட்டை இருந்ததல்லவா, ஏழில் என்னுடையதில் மட்டும் ஏன் பூசினீர்கள் என்று கேட்டார்.

அதற்கு உண்மையான பதில் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும். நான் இல்லாத சாட்டொன்றைத் தேடிக்கொண்டிருக்க, யோகம் முந்திக்கொண்டாள். ஹோட்டல் அறை துடைத்து ஜேர்மன் படித்தவள் அவள். இங்கிலீஷ் தொலைக்காட்சியிலும் பஸ் நிறுத்தத்திலும் பொறுக்கியது.

"யுவர் காட் ரொப்," என்றாள். "வீ புட் ஒன் ரொப் வன். ஒன்லி ரொப் வன்."

உங்கள் அட்டைதான் மேலே இருந்தது, மேலே இருப்பதற்குத்தான் வைப்போம் என்று அர்த்தம். ஹார்வி அவளைப் பார்த்தார். அட்டைகளை அப்படி அடுக்கி வைத்தது யார் என்று மெதுவாகக் கேட்டார். யோகம் ஒரு வஞ்சகமும் இல்லாமல் என்னைக் கையால் காட்டினாள்.

நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த டப்பாவில் என்ன என்று கேட்டார். யோகம் திறந்து கொடுத்தாள். இரண்டு கரண்டி சாப்பிட்டார். பிறகு அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை வரை இது உங்கள் பொறுப்பு, நீங்கள் கையொப்பம் வைத்திருக்கிறீர்கள் என்றார்.

6

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வடக்கு யன்னலடியில் அட்டையை வைத்துவிட்டு ஐந்து அடி தள்ளி நின்றேன்.

கண் மஞ்சளுக்குப் போனது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மஞ்சளுக்குத்தான் போனது. மூன்றாம் முறையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் கையெழுத்து, அதற்குப் பிறகுதான் முகம். மற்ற ஆறையும் பக்கத்தில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, இரண்டு அட்டைகள் அதைவிட நன்றாக இருந்தன. அவ்வளவு நன்றாக இருந்த அட்டை ஒரு விரல் நுனியால் மூன்றாவதாகிவிட்டது.

முதலாம் இடத்தை அவருக்கே கொடுத்துவிடலாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள், நடுவரின் கண்ணோடு வாதாட முடியாது என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். அவருக்குக் கடைசிக் கண்காட்சி. கெடுத்தது என் வீடு. கொடுத்தால் அவர் மனமும் ஆறும், யோகத்தின் மனமும் ஆறும், எனக்கும் கேசரி இறங்கும். இவ்வளவு நன்மை தருகிற ஒரு பொய்யை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. ரயிலில் டூட்டிங் வரும் வரை அதையேதான் யோசித்தேன். ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத யோகம் அன்றைக்கு என்னோடு வந்தாள். என்ன முடிவு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்டபத்தில் யோகம் கடைசி வரிசையில் இருந்தாள். நடுவர் ஒவ்வொரு இடத்தையும் காரணத்தோடு வாசிக்க வேண்டும், மூன்றாவதில் தொடங்கி. நான் எழும்பி ஹார்வியின் பெயரை வாசித்தேன். கையெழுத்து மிகத் துலக்கம், மடிப்பு முகத்தைத் தொடவில்லை, தேய்வு ஒரே அளவு என்றேன். பிறகு, வலது கீழ் மூலையில் புதிய மஞ்சள் கறை இருக்கிறது, அது நடுவரின் வீட்டில், நடுவரின் கவனக்குறைவால் பட்டது, கண் முதலில் அங்கேதான் போகிறது, ஆகவே மூன்றாம் இடம் என்றேன். மற்ற இரண்டையும் எப்படி வாசித்து முடித்தேன் என்று ஞாபகம் இல்லை.

முடிந்ததும் ஹார்வி நேராக என்னிடம் வந்தார். அந்தக் கறைக்கு நானென்றால் நாலாவதாகத்தான் வைத்திருப்பேன் என்றார். நாற்பது வருடம் இங்கிலாந்தில் இருந்தவரின் பகிடி, சிரிக்காமலே சொன்னார். நான்தான் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

மேல் டூட்டிங் வீதியில் நம்முடைய சாப்பாட்டுக் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். கொத்து ரொட்டியின் உறைப்பில் அவருடைய மூக்கு சிவந்தது, ஆனாலும் பிளேட்டை விடவில்லை. இடையில் அட்டையை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருக்கிறேன், மனைவிக்குக் காட்டியிருக்கிறேன், எல்லாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள், ஆனால் எதனோடும் வைத்துப் பார்த்து ஒருவரும் மேலே வைத்ததில்லை என்றார். ஹரோவில் ஒரு வீட்டில் ஒரு நாள் முழுக்க அது மேலே இருந்திருக்கிறது, அது தனக்குப் போதும் என்றார். நான் அதை மொழிபெயர்த்தபோது யோகம் தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது கிங்ஸ் கிராஸ் வரும் வரை அவள் வாயே திறக்கவில்லை. எனக்குள் பயம். அத்தனை பேருக்கு முன்னால் அவளுடைய மஞ்சளைக் கறை என்று வாசித்தவன் நான். சொந்தப் பெண்சாதியைச் சபையில் காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு கிழமைக்கு முகம் பார்க்கமாட்டாள் என்று நினைத்தேன். மெட்ரோபொலிற்றன் லைனில் ஏறி, இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, அவள் யன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்கள் முதலாவது குடுத்துப்போடுவியளோ எண்டு பயந்து பயந்து இருந்தனான். குடுத்திருந்தா, அந்த மனுசன் எங்களை மன்னிச்சிருக்கும். நான் உங்களை மன்னிச்சிருக்கமாட்டன்."